இருவர் நிற்க, பின்னால் யாரோ: 43 பழைய படங்களைப் படித்த பதிவு

வேலைக்கு வந்தது ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே 43 பிரிண்ட். சதுரமான சின்னக் கருப்பு வெள்ளை 31, போஸ்ட்கார்டு அளவில் 9, ஒட்டும் ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் கலர் 2, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப் போனது 1. அடியில் வெண்ணெய்த்தாளில் சுற்றிய மூன்று நெகட்டிவ் துண்டுகள், துண்டுக்கு நாலு ஃப்ரேம். ஸ்டூடியோ படம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வீட்டு ஆட்கள் எடுத்தவை. முக்கால்வாசியில் இருவர் நிற்கிறார்கள், பின்னால் மெரினா. வீட்டாருக்குத் தெரிய வேண்டியது நான்கு: யார், எங்கே, எப்போது, எடுத்தது யார்.

டப்பாவைத் திறந்ததும் படங்களை ஆள்வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. அடுக்கியிருந்த வரிசையே ஒரு தகவல். ஒரே ஃபிலிம் ரோலில் வந்த பிரிண்டுகள் பெரும்பாலும் ஒரே கட்டாகவே கிடக்கும். முதலில் டப்பாவை மேலிருந்து ஒரு போட்டோ, பிறகு ஒவ்வொரு படத்தையும் எடுக்க எடுக்க ஒரு எண். எண்ணைப் படத்தின் மேல் எழுதாமல் தனித்தாளில் குறிக்கலாம். படத்தின் முதுகில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 4பி பென்சில், கண்ணாடி மேல் குப்புறக் கிடத்தி, ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் போடும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதினால் போதும்.

சுத்தம் செய்ய ரப்பர் பல்பால் ஊதி, மென்மயிர்த் தூரிகையால் ஒரே திசையில் தள்ளினால் போதும். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் திரவம், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்ற பசைப் படலம். தண்ணீர் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும், துடைத்த இடம் அப்படியே உரிந்து வரும். நான்கு படங்களில் ஓரம் அரித்திருந்தது. அது ராமபாணப் பூச்சியின் வேலை. அதற்கும் ஜெலட்டின் என்றால் உயிர்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்கவே இல்லை. மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு சேர்ந்து, பிறகு காய்ந்து இறுகியிருக்கிறது. கத்தியோ தகடோ விட்டால் முகம் கண்ணாடியில் தங்கும், தாள் கையில் வரும். சட்டத்தின் பின்பலகை ஆணிகளை மட்டும் பிடுங்கி, கண்ணாடியும் படமுமாகச் சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனர் சிசிடி வகையாக இருக்க வேண்டும். மெல்லிய, விலை குறைந்த சிஐஎஸ் ஸ்கேனருக்குக் குவிய ஆழம் கிடையாது, 2 மி.மீ கண்ணாடி நடுவில் வந்தாலே படம் மங்கும். சிசிடி கிடைக்காவிட்டால் கேமரா. படத்தை நிமிர்த்தி வைத்து, இரு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கருப்புத் துணி நடுவில், எஃப்/8, ஐஎஸ்ஓ 100. துணி இல்லாவிட்டால் எடுப்பவர் முகமும் படத்துக்குள் வந்து நிற்கும்.

ஒட்டும் ஆல்பப் பக்கத்தில் மூலையைப் பிடித்து இழுத்தால் தாள் இரண்டாகப் பிளக்கும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மேல்விளிம்பில் நுழைத்து, அறுப்பது போல மெல்ல இழுத்தபடி கீழே கொண்டுவர வேண்டும். வளைய வேண்டியது அட்டைதான், படம் வளையக் கூடாது. கோந்து இறுகியிருந்த இடத்தில் அட்டையின் பின்னால் ஒரு முழத் தூரத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் அரை நிமிடம் காட்டியதும் இளகியது. இரண்டு கலர் படமும் செம்மண் நிறத்துக்குப் போயிருந்தன. வெயில் படாமலே இப்படி ஆகும். எழுபதுகளின் கலர் தாளில் சயான் என்ற பச்சை கலந்த நீலச் சாயம் இருட்டிலேயே மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. ஸ்கேன் செய்த பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் படம் திருத்தும் செயலியின் லெவல்ஸ் வசதியில் தனித்தனியே சரிசெய்தால் தோல் நிறம் ஓரளவு திரும்பும்.

ஸ்கேன் கணக்கு இது, எண் எல்லாம் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி (டிபிஐ) என்பது. போஸ்ட்கார்டு பிரிண்டுக்கு 600, சின்னச் சதுரப் படத்துக்கு 1200, நெகட்டிவுக்கு 2400. இந்த நெகட்டிவ் 120 என்ற அகல ஃபிலிம் ரோல், அதில் ஆறுக்கு ஆறு செ.மீ என்று சொன்னாலும் படம் உள்ளபடி 56 மி.மீ. ஆக 1200-ல் சுமார் 2,650 பிக்சல், 2400-ல் 5,300. கருப்பு வெள்ளைப் படத்தையும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். முதுகில் நீல மை, ஊதா மை, துருக்கறை மூன்றும் வேறு வேறு கதை, சாம்பலில் எடுத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். சேமிப்பது தரம் குறையாத டிஃப் கோப்பாக, அனுப்புவதற்கு மட்டும் சுருக்கிய ஜேபெக். கருப்பு வெள்ளை நெகட்டிவுக்குத் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். வெள்ளித் துகள் அந்தக் கதிரையும் மறைப்பதால் ஸ்கேனர் மூக்கையும் கண்ணையும் தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கும்.

முதுகுப் பக்கம் 43-ஐயும் ஸ்கேன் செய்தாயிற்று. வெறுமையாக இருந்தாலும் செய்ய வேண்டும், ஏனென்றால் தாளே பேசும்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் காட்டியபோது 31 சின்னப் படங்களும் மந்தமாகக் கிடந்தன, 9 போஸ்ட்கார்டும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. தாளில் ஒளிர்ப்பான் சேர்ப்பது ஐம்பதுகளில்தான் பரவியது. ஒளிர்ந்தால் அதற்குப் பிந்தைய தாள் என்று கொள்ளலாம், ஒளிராதது பழசு என்று சொல்ல முடியாது. ஒன்பதில் இரண்டின் முதுகில் ரப்பர் முத்திரை, முகவரி ‘மெட்ராஸ்-600 005’ என்று முடிகிறது. ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஆனால் அந்த இரண்டிலும் இருக்கும் காட்சி சின்னப் படங்களிலும் இருக்கிறது, அதே நெகட்டிவ். அதாவது படம் எடுத்தது எப்போதோ, பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டது பல வருஷம் கழித்து. முத்திரையை வைத்துத் தேதி சொல்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். தாளின் வயது வேறு, தருணத்தின் வயது வேறு.

சின்னப் படம் ஒன்றின் முதுகில் ‘பிலவ ௵ தை, அண்ணியுடன்’ என்று பென்சிலில் இருந்தது. அந்த ௵ குறியை வீட்டில் யாரோ எண் என்று படித்துக் குழம்பியிருக்கிறார்கள். அது ‘வருஷம்’. பிலவ ஆண்டு 1961 சித்திரையில் தொடங்கியது, அறுபது வருஷம் கழித்து 2021-ல் மறுபடி வந்தது. தை என்பது ஆண்டின் பின்பாதி, எனவே ஆங்கிலக் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும்: 1962 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். ‘அண்ணி’யை அப்படியே படத்தலைப்பாகப் போடக் கூடாது. எழுதியவருக்கு அண்ணி, வேறொருவருக்கு அவரே சித்தி, இன்னொருவருக்குப் பாட்டி. யார் கையெழுத்து என்று தெரிந்த பிறகுதான் உறவுமுறைக்குப் பொருள். கடிதங்கள், மளிகைக் கணக்கு நோட்டு, கல்யாணத்து மொய் நோட்டு எது கிடைத்தாலும் எழுத்தை ஒப்பிடலாம். ‘னை’, ‘லை’ எழுதும் விதம் துணைக்கு வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு போட்ட வடிவம் இருந்தால் பழைய கை. ஆனால் பெரியவர்கள் கடைசி வரை பழைய கொம்பிலேயே எழுதினார்கள், ஆகவே இதை மட்டும் நம்பித் தேதி போட முடியாது.

படத்துக்குள் தேதி தேடுவதற்கு மெரினா தோதான இடம். நெகட்டிவ் துண்டுகளை வரிசைப்படுத்தியதில் (அந்த விதம் பின்னால் வரும்) எட்டாவது ஃப்ரேமில், இருவருக்கும் பின்னால், கொஞ்சம் மங்கலாக, உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் நால்வர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 ஜனவரி 25-ல் திறந்தது. ஆகப் படம் அதற்குப் பின். இந்த டப்பாவில் பயன்படாத, ஆனால் வேறு டப்பாக்களுக்குப் பயன்படும் அடையாளங்களும் உண்டு. கண்ணகி, திருவள்ளுவர், ஔவையார் முதலிய சிலைகள் 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்தவை. முக்கோண வடிவக் கலங்கரை விளக்கம் 1977. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006-ல் திரும்பியது, இடையில் எடுத்த படத்தில் அந்த இடத்தில் சிலை இருக்காது. கடைப்பலகையில் விலை தெரிந்தால் அது இன்னும் நல்லது. அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், ந.பை. (நயா பைசா) என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். சிலை தெரியவில்லை என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். கேமரா வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

இனி நிழல். மெரினாவில் கடல் கிழக்கே. இருவரும் கடலை முதுகில் வைத்து நிற்க, முகம் பளிச்சென்று இருந்தால் வெயில் மேற்கிலிருந்து வருகிறது, பிற்பகல். முகம் கருத்து, தலைமயிரின் விளிம்பு மட்டும் மின்னினால் காலை. அடுத்து, கேமரா நேராகக் கடலைப் பார்த்திருந்தால் பிற்பகல் நிழல் சாயும் பக்கம் மாதத்தைச் சொல்லும். மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் நிழல் படத்தின் இடப்பக்கம் சாயும். ஆனி, ஆடியில் வடமேற்கில் இறங்குவதால் வலப்பக்கம். இந்த ரோலில் கடல் தெரியும் ஏழு படத்திலும் நிழல் இடப்பக்கம், பென்சில் எழுத்தின் தையோடு ஒத்துப்போகிறது. மூன்றாவது ஃப்ரேமில் மணலில் ஊன்றிய கழி ஒன்றின் நிழல் கழியைப்போல ஒன்றரை மடங்கு. சென்னையில் ஜனவரிக் கடைசியில் அப்படி விழுவது பிற்பகல் மூன்றரை வாக்கில். தூரம் போகப்போக நிழல் குறுகித் தெரியும் என்பதால் அரைமணி முன்பின் இருக்கும்.

நிழலைவிடக் கெட்டியான சாட்சி கடல்கோடு. மட்டமான தரையில், நிற்கிறவர் உடம்பைக் கடல்கோடு எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அந்த உயரத்தில்தான் லென்ஸ் இருந்தது. இது வடிவியல், ஊகம் இல்லை. மூன்றாவது ஃப்ரேமில் ஆண் பாதத்திலிருந்து உச்சிவரை 1,900 பிக்சல், கடல்கோடு பாதத்திலிருந்து 1,190-ல். அவர் உயரம் 165 செ.மீ என்று வீட்டார் சொன்னபடி கணக்குப் போட்டால் லென்ஸ் 103 செ.மீ உயரத்தில். ஒன்று, எடுத்தது ஒரு சிறுவன். இல்லையேல், மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்த பெரிய ஆள். கடற்கரை தண்ணீரை நோக்கிச் சரியும், கேமரா நின்ற மணல் ஒரு சாண் மேடாக இருந்திருக்கலாம். அதைக் கழித்தாலும் கண்ணுக்கு நேரே பிடித்த கேமரா ஆகாது. விடை ஒன்பதாவது ஃப்ரேமில் வந்தது. வெயில் நன்றாகச் சாய்ந்த நேரம், எடுத்தவரின் நீண்ட நிழல் இடது மூலையில் விழுந்திருக்கிறது. தோள் அகலம் பெரியவருடையது, இரண்டு முழங்கையும் வெளியே விரிந்து, கை வயிற்றில். பெட்டிக் கேமராவேதான். இதை வைத்து அறிய முடிவது கேமராவின் வகை மட்டும்தான். பெயர், மாடல் எல்லாம் நெகட்டிவ் சொல்லாது.

நெகட்டிவ் துண்டுகளின் வரிசையைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. கத்தரித்த விளிம்பு நேராக இருப்பதில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு துண்டின் கோணல் அடுத்த துண்டின் கோணலோடு பொருந்தும். இன்னொன்று கீறல். கேமராவுக்குள் உருளையில் ஒட்டிய மணல் ரோல் நெடுக ஒரே கோடாகக் கீறியிருக்கும், ஒரு துண்டின் முடிவில் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே அடுத்ததில் தொடங்கும். ஃப்ரேமின் விளிம்பையும் பார்க்க வேண்டும். மலிவுக் கேமராவின் உட்சட்டத்தில் ஒரு பிசிறு இருந்தால் அது எல்லா நெகட்டிவிலும் ஒரே இடத்தில் பல்லாகத் தெரியும், கைரேகை மாதிரி. வேறு வீட்டு நெகட்டிவில் அதே பல் இருந்தால் அதே கேமரா இரவல் போயிருக்கிறது. துண்டுகளை மோந்தும் பார்த்தாயிற்று, காடி வாசனை இல்லை. இருந்தால் ஃபிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் அழியத் தொடங்கிவிட்டது, உடனே ஸ்கேன் செய்து தனியே வைக்க வேண்டும்.

வரிசை கிடைத்ததும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த ஃப்ரேமில் யார் யார் என்று குறித்தோம். பெயர் தெரியாததால் அ, ஆ, இ. ஒன்று முதல் நாலு வரை அ-ஆ. ஐந்தில் ஆ-இ. ஆறில் அ-இ. ஏழிலிருந்து மறுபடி அ-ஆ. மூன்று பேர் போய், ஒரு கேமரா இருந்தால் இருவர் படம்தான் வரும், வெளியே நிற்கும் மூன்றாமவர் எடுத்தவர். பன்னிரண்டில் பத்தை எடுத்தவர் இ, கேமராவுக்குச் சொந்தக்காரர். மற்ற இருவருக்கும் கேமரா பழக்கமில்லை. ஐந்தாம் படத்தில் கடல்கோடு ஆறு பாகை சரிந்திருக்கிறது, ஆறில் இ-யின் உச்சந்தலை வெட்டு. வீட்டு ரோல்களில் இது அநேகமாக விதி: கேமராக்காரர் இருக்கும் படம்தான் ரோலிலேயே மோசமான படம். அவற்றைத்தான் வீட்டார் முதலில் தூக்கியெறிவதும்.

பதினோராம் ஃப்ரேம் நெடுநாள் தகராறு. அ-ஆ நடுவில், இடுப்பில் டின் வைத்த ஒரு பையன் நிற்கிறான், அவன் வழியாகப் புடவைக் கரை தெரிகிறது. ‘இறந்துபோன தம்பி வந்து நின்றான்’ என்பது வீட்டில் புழங்கும் கதை. பூதக்கண்ணாடியில் கடல்கோடு இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. நெகட்டிவில் அந்த ஃப்ரேம் மட்டும் மற்றவற்றைவிடக் கருப்பு, வெளிச்சம் இரண்டு முறை விழுந்திருக்கிறது. பின்கதவுச் சிவப்புச் சன்னலில் எண் பார்த்துக் கையால் திருகும் கேமராவில் எடுத்ததும் திருக மறந்தால் அடுத்த படம் அதன் மேலேயே பதியும், தடுக்கப் பூட்டு கிடையாது. ஃப்ரேமின் நான்கு விளிம்பும் ஒன்றாகப் பொருந்துவதால் ஃபிலிம் நகரவே இல்லை. அரைகுறையாகத் திருகியிருந்தால் ஓரத்தில் பட்டையாக ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ஷட்டர் மெதுவாகி ஆள் அசைந்திருந்தால் அவன் மட்டும் கலங்கியிருப்பான், கடல்கோடு ஒன்றாகவே இருக்கும். ஆக 12 ஃப்ரேமில் 13 படம். அந்தப் பையன் சுண்டல் விற்பவன், டின்னின் மேல் சுருட்டிய காகிதக் கூம்புகள் தெரிகின்றன. அவர்கள் மூவரும் ஒரு கணமும் சேர்ந்து நிற்கவில்லை. இதை வீட்டாரிடம் சொல்லும்போது பழைய கதையையும் சேர்த்தே பதிந்து வைத்தோம், அதுவும் அந்தப் படத்தின் கதைதான்.

பெரியவர்களிடம் கேட்கும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும். ‘இது சரோஜா பெரியம்மாதானே’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றுதான் வரும். ‘பாட்டி, இது எந்த இடம் மாதிரி இருக்கு?’ என்று தொடங்கினால் இடம் வரும், இடத்தோடு பஸ் வரும், பஸ்ஸோடு கூட வந்த ஆள் வருவார். ஒரு தடவைக்கு ஐந்தாறு படம் போதும், அதுவும் ஏஃபோர் தாளில் பெரிதாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில். போனில் குரல் பதிவு, படத்தின் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி. இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர், சொன்ன தேதியோடு எழுத வேண்டும்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளை அடையாளம் காணும் வேலைக்குள் விடவே கூடாது. அவை தெளிவாக்குவதில்லை, புதிதாக ஒரு முகத்தை வரைகின்றன. நாற்பது பிக்சல் மூஞ்சியில் இல்லாத இமையும் பல்லும் முளைத்த பிறகு பாட்டி ‘இது நம்ம வீட்டு ஆளே இல்ல’ என்று சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

இன்னொன்று, ஓரத்தை வெட்டாதீர்கள். சீனாவின் ச்சிங்தாவ் நகரத்து மே நான்கு சதுக்கத்தில் 2000-ல் ஒரு பெண் நின்று எடுத்துக்கொண்ட படத்தின் பின்னணியில் ஓர் இளைஞர் நிற்கிறார். 2011-ல் செங்டு நகரில் சந்தித்து அவர்கள் மணந்துகொண்ட பிறகு, 2018-ல் பழைய படங்களைப் புரட்டும்போதுதான் அந்த இளைஞர் தாம்தான் என்று கணவர் கண்டுகொண்டார். அதே நேரத்தில் வேறு கோணத்தில் எடுத்த அவர் படமும் கையில் இருந்ததால் நிற்கும் விதத்தை ஒப்பிட்டு உறுதி செய்ய முடிந்தது. பெண் மட்டும் இருக்கட்டும் என்று யாராவது ஓரத்தை வெட்டியிருந்தால் கதை குப்பைக்கூடையில் போயிருக்கும். அதனால்தான் டிஃப் கோப்பில் பிரிண்டின் வெள்ளை விளிம்புக்கு வெளியே அரை சென்டிமீட்டர் சேர்த்து ஸ்கேன். வெட்டியது வேண்டுமென்றால் ஜேபெக் பிரதியில் வெட்டிக்கொள்ளலாம்.

பின்னால் போகிறவர்களுக்கும் தலைப்பில் இடம் உண்டு. பெயர் தெரியாது, ஆனால் உடை, கையில் இருப்பது, போகும் திசை ஆகியவற்றை எழுதினால் பிறகு தேட முடியும். கோப்பின் உள்ளேயே இருக்கும் விளக்கப் பகுதியில் எழுத வேண்டும், தனி நோட்டில் எழுதினால் படம் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம்.

திருப்பிக் கொடுக்கும்போது டப்பா மாறியது, வரிசை மாறவில்லை. ஒவ்வொரு பிரிண்டும் பாலிப்ரொப்பிலீன் உறையில். கெட்டியாக மணக்கும் பிவிசி உறை வேண்டாம், அது படத்தில் ஒட்டும். நெகட்டிவ் தனியாகக் காகித உறையில். மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் (நிறம் மாறும் வகை), உள்ளே இருக்கும் மணிகள் நிறம் மாறினால் வெயிலில் வைக்காமல் அடுப்பில் லேசாகச் சூடாக்கி மறுபடி போடலாம். பரணில் ஏற்றாமல், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டில்.

எட்டாம் ஃப்ரேமின் தலைப்பு இப்படி முடிந்தது: ‘மெரினா, உழைப்பாளர் சிலை அருகே. 1962 ஜனவரி அல்லது பிப்ரவரி, பிற்பகல். இடது அ, வலது ஆ. எடுத்தவர் இ, கட்டத்தின்படி. பின்னால் வலமிருந்து இடமாகப் போகும் ஒருவர்: வேட்டி, மடித்த குடை, தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்க்கிறார்.’